இடது பக்கம் இழுக்குது!

எங்கள் வீட்டில் என்னைவிட இரண்டு வயது சின்னவன் ஒருத்தன் இருக்கிறான். 1992-ல் வந்து சேர்ந்தவன். வெள்ளை நிறம். மூன்று சிலிண்டர், 796 சி.சி. சாப்பாடு கொஞ்சம், சத்தம் ஜாஸ்தி. நான் விழுந்து முட்டி பெயர்ந்து வந்தால், "பாத்து நடக்கத் தெரியாது?" என்று கேட்கிற அப்பா, அவன் மேல் ஒரு கீறல் விழுந்தால் அன்று ராத்திரி சாப்பிட மாட்டார்.

மாருதி 800-ஐத்தான் சொல்கிறேன்.

அப்பா ஒரு வங்கியில் கிளார்க். அந்தக் காலத்தில் லோன் போட்டு, வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி வாங்கிய வண்டி. (கட்டியது அம்மாவின் வாயையும் என் வயிற்றையும் என்பது வேறு விஷயம்.) அன்றிலிருந்து இன்றுவரை பெட்ரோல், ஆயில், பஞ்சர், வைப்பர் ரப்பர் உட்பட ஒவ்வொரு செலவையும் ஒரு நீள நோட்டில் தேதி, கிலோமீட்டர், ரூபாய் பைசாவோடு எழுதி வைத்திருக்கிறார். பி.காம். படித்தவன் நான். கணக்கு எழுதுகிறவர் அவர்.

'கிளாசிக் கார்' என்று நான் பெருமையாகச் சொன்னால் சகதர்மிணி சிரிப்பாள். சட்டப்படி அவள் சிரிப்பு நியாயம்தான். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் ரிஜிஸ்ட்ரேஷன் ஆகி 50 வருடம் தாண்டினால்தான் 'விண்டேஜ்' மரியாதையும் அதற்கென்று தனி நம்பர் பிளேட்டும். எங்கள் ஆளுக்கு வயது 33. வாலிபனும் இல்லை, கிழவனும் இல்லை. கிட்டத்தட்ட என்னைப் போல. ஆனால் செலவு மட்டும் கிழவர் ரேஞ்சுக்கு! 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். எங்கள் முறை எப்போது வந்தது தெரியுமா? அதே 2022, ஜூன் மாதம். எங்கள் குடும்பத்து ராசி அப்படி.

* * *

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். அப்பா வெளியே போய்விட்டு வந்தார். கார் சாவியை வழக்கமாக மாட்டும் ஆணியில் மாட்டாமல், டி.வி. மேஜை மேல் என் பக்கமாக வைத்தார்.

"இனிமே நீயே ஓட்டுப்பா."

"ஏம்ப்பா?"

"கை சரியில்லை. பிரேக் போட்டா வண்டி இடது பக்கமா போவுது. நேரா பிடிக்க முடியலை. எழுபத்தொண்ணு ஆச்சு இல்ல..."

அவ்வளவுதான். நாங்கள் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. "ஆமாம் மாமா, எதுக்கு ரிஸ்க்கு" என்றாள் மனைவி. அம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். நான் ஒருபடி மேலே போய், "ரொம்ப நல்ல முடிவுப்பா" என்று பாராட்டுப் பத்திரமே வாசித்தேன். எனக்கு உள்ளூர சந்தோஷம். வயதானவர் ஓட்டுகிறாரே என்ற கவலை விட்டது.

அதற்குப் பிறகு அப்பா வெளியே போவது குறைந்தது. வியாழக்கிழமை பழைய ஆபீஸ் சிநேகிதர்களோடு மீனம்பாக்கத்தில் ஒரு வீட்டில் சீட்டாட்டம் உண்டு. முதலில் பஸ்ஸில் போனார். பிறகு ஷேர் ஆட்டோவில். பிறகு "முட்டி வலி" என்றார். வண்டியும் கவர் போட்டுக்கொண்டு போர்ட்டிகோவில் உட்கார்ந்துவிட்டது. எனக்கு டூ வீலர் போதும். வாரத்துக்கு ஒருதரம் ஸ்டார்ட் செய்து, தெருமுனை வரை இருபதில் உருட்டிவிட்டு வருவேன். அந்த வேகத்துக்கு பிரேக்கே தேவையில்லை. தெருநாய் முறைத்தாலே வண்டி நின்றுவிடும்.

* * *

போன தை மாதம் தாம்பரத்தில் ஒரு முகூர்த்தம். ஆறரை மணிக்குத் தாலி. பட்டுப் புடவையோடு டூ வீலர் முடியாது என்பதால் மாருதியை எடுத்தேன். அப்பா பக்கத்தில், அம்மாவும் மனைவியும் குட்டியும் பின்னால். குரோம்பேட்டை தாண்டி, காலி ரோடு என்று ஐம்பதைத் தொட்டிருப்பேன். குறுக்கே ஒரு சைக்கிள்.

மிதித்தேன்.

வண்டி நின்றது. ஆனால் நேராக நிற்கவில்லை. யாரோ இடது பக்கத்திலிருந்து காதைப் பிடித்துத் திருகியதுபோல ஒரு இழுப்பு. ரோட்டோரத்து இளநீர்க் கடைக்கு ஒரு முழம் தள்ளி நின்றோம். பின் சீட்டில் ஒரே அலறல். குட்டி மட்டும், "இன்னொருதரம் பண்ணுப்பா" என்றது.

இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக ஜன்னலருகே வந்தார். "சாரே, இளநீ வேணும்னா ஹாரன் அடி. நான் வந்து குடுக்கறேன். நீ ஏன் சார் உள்ள வர்ற?"

ஐந்து இளநீர் வாங்கினேன். வேறென்ன செய்வது!

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "உனக்குமா இழுத்துச்சு?" என்றார்.

"ஆமாம்ப்பா" என்றேன், கியரை மாற்றிக்கொண்டே. அந்த 'உம்'மை அப்போது நான் கவனிக்கவில்லை.

* * *

எங்கள் ஏரியா மெக்கானிக்கை எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். அம்பாஸடரும் பத்மினியும் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்கோடு ஓடிய காலத்திலிருந்து ஸ்பேனர் பிடிப்பவர். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் என்பதை நம்மூர் நடுத்தர வர்க்கத்துக்குப் பழக்கிய வண்டிகளில் மாருதி முக்கியமானது. ஆனால் சமாசாரம் ஒன்றும் புதிது இல்லை. 1902-லேயே லான்செஸ்டர் என்கிற இங்கிலாந்து எஞ்சினீயர் பேட்டன்ட் வாங்கிவிட்டார். 1953-ல் லெ மான் ரேஸில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 51 வருடம்! நல்ல யோசனைக்கு மரியாதை கிடைக்க அவ்வளவு நாளாகும். இன்க்ரிமென்ட்டுக்குக் காத்திருக்கும் ஆபீஸ் நண்பர்கள் மனம் தளர வேண்டாம்.

டிஸ்க் பிரேக் என்பது ரொம்ப சிம்பிள். சுற்றுகிற எவர்சில்வர் தட்டின் விளிம்பைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அமுக்கினால் தட்டு நிற்கும் அல்லவா? தட்டுதான் டிஸ்க். அமுக்குகிற விரல்கள் பேட். அந்த விரல்கள் இருக்கிற கைதான் 'காலிப்பர்'. நீங்கள் பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் ஓடிவந்து காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும். எங்கள் வண்டியில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது உள்பக்கத்து பேடைத் தள்ளினதும், காலிப்பரே இரண்டு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப்பக்கத்து பேடையும் இழுத்து அமுக்கும். காலை எடுத்தால் பிஸ்டன் பின்வாங்குவதற்கு ஸ்பிரிங் எல்லாம் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர ரப்பர் வளையம். அமுக்கும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி பிஸ்டனை ஒரு மயிரிழை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த மயிரிழையில்தான் ஸார் குடும்பமே பிழைத்துக்கொண்டிருக்கிறது.

பாய் ஜாக்கி போட்டு இரண்டு முன் சக்கரங்களையும் கழற்றினார். என்னை பெடலை மிதிக்கச் சொன்னார். இடது காலிப்பர் 'கப்'பென்று பிடித்தது. வலது, பந்தியில் பாயசம் வேண்டாம் என்கிற சம்பந்தி மாதிரி அசையாமல் இருந்தது.

"இப்ப புரியுதா தம்பி? ஓடற குழந்தையை ஒரு கையைப் பிடிச்சு நிறுத்தினா அது எந்தப் பக்கம் சுத்தும்? பிடிச்ச பக்கம்தானே! இடது மட்டும் பிடிக்குது. வண்டி இடதுக்குப் போவுது."

உடனே காலிப்பரைக் கழற்றிவிடவில்லை. "முதல்ல ஹோஸ் நல்லாருக்கான்னு பாக்கணும்" என்றார். ரப்பர் ஹோஸ் பழசானால் உள்பக்கம் வீங்கி அடைத்துக்கொள்ளுமாம். பழி மட்டும் காலிப்பர் மேல் விழும். நிப்பிளைத் திறந்து மிதிக்கச் சொன்னார். ஆயில் தாராளமாகப் பீய்ச்சியது. ஹோஸ் நிரபராதி. குற்றவாளி பிஸ்டன்தான். கழற்றிக் காட்டினார். பளபளவென்று இருக்க வேண்டிய பிஸ்டனில் அம்மைத் தழும்பு மாதிரி துருப் பள்ளங்கள்.

"ஆயில் மாத்தி எத்தனை வருஷம் ஆவுது?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட குணம். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட்-3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீர் சேரச் சேர 140-க்கே கொதிக்கிற நிலைமைக்கு வந்துவிடும். அதே தண்ணீர்தான் உள்ளே துருவையும் உண்டாக்கும். அதனால்தான் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருதரம் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். நாங்களோ கொரோனா சமயத்தில் வண்டியை நிறுத்தியதிலிருந்து அதை மறந்தே போயிருந்தோம்.

கடைசியாக பாய் இரண்டு பக்கத்து பேடுகளையும் என் உள்ளங்கையில் வைத்தார். வலது பக்கத்து பேட், புது சோப்புக்கட்டி. இடது, ஒரு மாதம் தேய்த்துத் தீர்ந்த சோப்பு வில்லை.

"ரொம்ப நாளாவே ஒத்தக் கால்லதான் நின்னிருக்கு தம்பி வண்டி."

* * *

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பி.காம். மூளை எதையோ டேலி பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் அப்பாவின் நீள நோட்டை எடுத்தேன்.

அப்பா சாவியை என்னிடம் வைத்த அன்று கடைசியாக எழுதியது: 1,12,480 கிலோமீட்டர். அதற்குக் கீழே கோடு போட்டிருந்தார், கணக்கு முடிந்தது என்பது போல. கீழே போய் வண்டியின் மீட்டரைப் பார்த்தேன். 1,12,790.

இரண்டு வருடத்தில் நான் ஓட்டியது 310 கிலோமீட்டர். தெருமுனைக்கும் வீட்டுக்கும்! 310 கிலோமீட்டரில் ஒரு பேட் அப்படித் தேயாது. ஆகவே அது நான் ஓட்டும்போது தேய்ந்தது இல்லை. அப்பா ஓட்டிக்கொண்டிருந்தபோதே தேய்ந்தது. ஆகவே...

ஆகவே அப்பாவின் கைக்கு ஒன்றுமே ஆகவில்லை.

'வண்டி இடது பக்கம் போகிறது' என்று அவர் ஒரு தகவல் சொன்னார். இழுப்பு திடீரென்று வராமல் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால், தன் கைதான் தளர்ந்துவிட்டது என்று அவராகவே நினைத்துக்கொண்டார். நாங்கள் நாலு பேர் இருந்தோம். ஒருத்தருக்காவது, "வாங்க, மெக்கானிக்கிட்ட காட்டலாம்" என்று சொல்லத் தோன்றியதா? நாற்பது வயதுக்காரர் ஒருவர் இதையே சொல்லியிருந்தால் நேரே ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியிருப்போம். எழுபத்தொன்று என்பதால் ஈஸி சேருக்கு அனுப்பிவிட்டோம்.

நோட்டை மூடி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ரிப்பேர் ஆகி, வண்டி நேராக ஓடினால்தானே இது நிரூபணம்?

* * *

என்ன காலிப்பர் போடுவது என்பதற்குக் குடும்பத்தில் ஒரு வட்டமேஜை மாநாடு கூடியது.

அப்பா: "எதுக்குடா புதுசு? சீல் கிட் போட்டா போதும். ஒரு 250 ரூபா ஆகும்."

மச்சினன்: "புதுப்பேட்டையில செகண்ட் ஹாண்ட்ல ஜோடி ஆயிரத்துக்கு வாங்கித் தரேன் மாமா."

மனைவி: "பேசாம வித்துடுங்க."

குட்டி: "ஒரு காலிப்பர் என்ன விலை?" (இதுதான் மாநாட்டில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி.)

நான் கால்குலேட்டரை எடுத்தேன். வண்டியின் விலையைக் கணக்குக்காக ஒரு லட்சம் என்று வைத்து, வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்தால், 33 வருடத்துக்குப் பிறகு புத்தக மதிப்பு 469 ரூபாய். புது காலிப்பர் இரண்டு 3,800 ரூபாய் என்று விசாரித்து வைத்திருந்தேன். அதாவது காரின் மதிப்பைப் போல எட்டு மடங்கு! எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். அப்பா சொல்கிற சீல் கிட்டே பாதிக் கார் விலை.

மறுநாள் பழைய காலிப்பரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, சகல தெய்வங்களையும் வேண்டிக்கொண்டு ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். (சாம்பிள் இல்லாமல் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போகாதீர்கள். ஜாதகம் இல்லாமல் பெண் பார்க்கப் போவது மாதிரி.)

முதல் கடையில், "என்ன சார் வேணும்? ஜெனுயினா, ஒரிஜினலா?" என்றார்கள்.

"இரண்டும் ஒண்ணுதானே?"

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஜெனுயின் என்றால் கம்பெனி டப்பா. ஒரிஜினல் என்றால் கம்பெனி டப்பா மாதிரி இருக்கும் டப்பா. அதற்குக் கீழே ஃபர்ஸ்ட் குவாலிட்டி, செகண்ட் குவாலிட்டி என்று இரண்டு ஜாதிகள். டப்பாவே இல்லாமல் செய்தித்தாளில் சுற்றித் தருவது கடைசி ஜாதி. மனுஷனுக்குத்தான் இந்தத் தொல்லை என்று நினைத்திருந்தேன்.

பிஸ்டனை மட்டும் தனியாகக் கேட்டேன். மூன்று கடையில் இல்லை. பிஸ்டன் மாற்றாமல் வெறும் சீல் கிட் போடுவதில் பயனில்லை என்று பாய் தெளிவாகச் சொல்லியிருந்தார். இந்த வகைக் காலிப்பரில் ரப்பர் வளையம் தன் காடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். உரசிக்கொண்டு போவது பிஸ்டனின் மேனிதான். அது பள்ளமும் மேடுமாக இருந்தால் புது ரப்பரையும் அறுத்துவிடும். நல்ல பிஸ்டனுக்குத்தான் கிட். அப்பாவின் சிக்கனம் ரத்தானது.

நாலாவது கடைக்காரர் வேறு தூண்டில் போட்டார். "எதுக்கு சார் இந்தச் சின்னது? பெரிய வண்டியோட காலிப்பர் போடுங்க. பிடிச்சா அப்படியே நிக்கும்." ஒரு நிமிடம் சபலம் தட்டியது உண்மை. பாய்க்கு போன் போட்டேன்.

"தம்பி, 12 இஞ்ச் வீலுக்குள்ள அது உக்காராது. உக்காந்தாலும் தப்பு. பிஸ்டன் பெருசானா அதை நிரப்ப ஆயில் அதிகம் வேணும். மேல மாஸ்டர் சிலிண்டர் அதே சின்னதுதானே? பெடல் கீழ போயிடும். முன்னாடி மட்டும் பலமா பிடிச்சு, மழையில வீல் லாக் ஆயி வழுக்கும். உங்க வண்டியில ஏ.பி.எஸ்ஸா இருக்கு? கம்பெனிக்காரன் முன்னாடிக்கு இவ்ளோ, பின்னாடிக்கு இவ்ளோன்னு பிரிச்சுக் குடுத்திருக்கான். அதுல கை வைக்காதீங்க."

மச்சினனின் மனம் கோணாமல் இருக்கப் புதுப்பேட்டைக்கும் போனேன். மலை மாதிரி குவிந்திருந்தது. கண்ணாடி, கதவு, டைனமோ, எல்லாம் அங்கே மறுபிறவிக்குக் காத்திருக்கின்றன. அவசரத்துக்குக் கதவுக் கைப்பிடி வாங்கலாம், நம்பரைப் பார்த்து ஹெட்லைட் வாங்கலாம். ஆனால் பிரேக்? அதன் பிஸ்டனும் எத்தனை மழைக்காலம் பார்த்ததோ, யார் கண்டது! ஒரு துருவைக் கொடுத்து இன்னொரு துருவை வாங்கிவருவதற்கு எதற்கு பஸ் செலவு?

கடைசியில் ஜெனுயினே வாங்கினேன். இரண்டு பக்கத்துக்கும். கெட்டது ஒன்றுதானே, ஒன்று போதாதா என்றால், போதாது. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிடிமானம் மறுபடி வித்தியாசப்படும். இளநீர்க்காரர் இந்தத் தடவை வலது பக்கம் கடை போட்டிருப்பார். கூடவே புது பேட் செட், புது ஹோஸ் இரண்டு, சீல் உடைக்காத பிரேக் ஆயில் டப்பா. 469 ரூபாய் காருக்கு இவ்வளவா என்று பி.காம். கேட்டது. இது காருக்குச் செலவு இல்லை என்று அதன் வாயை மூடினேன்.

* * *

இங்கேதான் விதி விளையாடியது. பாய் ஒரு கல்யாணத்துக்காக ஆம்பூர் போய்விட்டார். நாலு நாள் ஆகும். எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே ஜாக்கி போட்டு, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, காலிப்பர்களை மாட்டினேன். டிஸ்க் மேல் பேட் உட்கார்ந்த அழகைப் பார்த்து எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அடுத்தது ஏர் எடுப்பது. பைப்பைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். அப்பாவைக் கூப்பிட்டேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொடாமல், கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"மிதிங்கப்பா... பிடிச்சுக்கோங்க... விடுங்க."

ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். ஆயில் டப்பா காலி. இன்னொன்று வாங்கி வந்தேன். "சாம்பார்ல ஊத்தறீங்களா என்ன?" என்றாள் மனைவி.

"இன்னும் பஞ்சு மாதிரிதாண்டா இருக்கு" என்றார் அப்பா.

கம்பெனியைத் திட்டினேன். கடைக்காரரைத் திட்டினேன். ஒரிஜினலை ஜெனுயின் என்று ஏமாற்றிவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். அப்பா மெல்ல இறங்கி வந்தார். டார்ச்சை வாங்கி, குனிந்து, சக்கரம் இருந்த இடத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஏண்டா, இந்த நிப்பிள் கீழ இருக்கே?"

"அதுக்கென்னப்பா?"

"காத்து மேலதானே நிக்கும்? கீழ ஓட்டை போட்டா ஆயில்தான் வரும். காத்து எப்படி வரும்?"

திகைத்து நின்றேன். காலிப்பருக்கு இடது, வலது உண்டு. சரியாக மாட்டினால் நிப்பிள் மேல் பக்கம் இருக்கும். இடம் மாற்றி மாட்டினாலும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். உலகத்து ஆயிலையெல்லாம் ஊற்றினாலும் மேலே தங்கின காற்று அசையாது. நான் இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தேன். டப்பாவின் மேல் ஓர் அங்குலத்துக்கு எழுதியிருந்தது. படித்தவன்தானே நான், டப்பாவையெல்லாம் எதற்குப் படிக்க வேண்டும்!

மாற்றி மாட்டினோம். பத்தாவது மிதியில், "ஆங்... கல்லு மாதிரி ஆயிடுச்சு" என்றார் அப்பா. அவர் குரலில் அப்படி ஒரு தெம்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஆனாலும் ஒரு விஷயம். வண்டியை ரோட்டுக்கு எடுக்கவில்லை. பாய் ஆம்பூரிலிருந்து வந்து, ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கிப் பார்த்து, கசிவு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, தானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் எடுத்தோம். ஃபேன் ரெகுலேட்டரில் தப்பு செய்தால் புழுக்கம். பிரேக்கில் செய்தால் பேப்பரில் செய்தி.

* * *

காலை ஆறு மணி. வீட்டுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத லே-அவுட் ரோடு. பாய் வண்டியை நிறுத்தி இறங்கினார். நான் சாவியை அப்பாவிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்குடா? கை..."

"சும்மா ஒரு தடவைப்பா. மெதுவா. நாப்பதுல ஒரு பிரேக் போடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா ஸ்டியரிங்கை இரும்புப் பிடியாகப் பிடித்திருந்தார், வலது பக்கம் லேசாக இழுத்தபடி. அது அவருக்குத் தெரிந்திருக்காது. வருடக்கணக்கில் இழுத்து இழுத்துப் பழகிப்போனது. இருபது... முப்பது... நாற்பது.

மிதித்தார். வண்டி துளி *வலது* பக்கம் திரும்பி நின்றது.

அப்பா என்னைப் பார்த்தார்.

"நீங்க வலது பக்கம் இழுக்கறீங்கப்பா. தேவையில்லை. சும்மா லேசா பிடிங்க."

மறுபடி நாற்பது. இந்தத் தடவை ஸ்டியரிங்கில் விரல் நுனிகள் மட்டும். மிதித்தார். நூல் பிடித்தது மாதிரி நேராக நின்றது.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப... கை நல்லாத்தான் இருந்திருக்கு."

"ஆமாம்ப்பா. நாங்கதான் பாக்கலை."

மன்னிப்பு கேட்க வேண்டும் என்று நிறைய தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் முதல் கியரைப் போட்டுவிட்டார்.

கண் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. பகலில் ஓட்டலாம், ராத்திரி வேண்டாம் என்றிருக்கிறார். லைசென்ஸும் உயிரோடு இருக்கிறது. வியாழக்கிழமை மீனம்பாக்கம் மறுபடி ஆரம்பமாகிவிட்டது. முட்டி வலி போன இடம் தெரியவில்லை. ஒரே கஷ்டம், இப்போது நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக்கை அப்படியாடா போடுவாங்க?" என்கிறார்.

நேற்று தற்செயலாக நீள நோட்டைப் புரட்டினேன். அந்தக் கடைசிக் கோட்டுக்குக் கீழே, பழைய குண்டுக் கையெழுத்தில் கணக்கு மறுபடி தொடங்கியிருக்கிறது:

'காலிப்பர் 2 - ரூ.3,800. பேட், ஹோஸ் - தனி பில். பிரேக் ஆயில் 2 டப்பா (ஒன்று மகனால் வீண்). கை - பழுது இல்லை.'